என் தம்பியின் ஐந்து கிகாஹெர்ட்ஸ்

என் தம்பி லான்ஸின் கம்ப்யூட்டர் அறைக்குள் போனால் நான் வாயால்தான் மூச்சு விடுவேன். மூக்கால் விட்டால் குடலைப் புரட்டிக்கொண்டு வரும். எனர்ஜி டிரிங்க் குடித்த டின்களுக்குள்ளேயே சிகரெட் துண்டுகளைப் போடுவான். அது உள்ளே ஊறி, புளித்து, வெயிலில் வெந்து கிடக்கும். மேசைக்கு அடியில் வெட்டிப் போட்ட கால் நகங்கள். மேசை மேல் போன வாரம் நான் கொண்டுபோய்க் கொடுத்த தட்டு, கழுவாமல். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வேகவைத்து எடுத்துப் போகும் கார்ன்ட் பீஃபை, உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை, இந்தக் குப்பைக்கு நடுவில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுகிறவன் அவன். ஒரு காலத்தில் பெண்டாட்டி இருந்தாள். டவுன்ஸ்வில்லில் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். பல வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

அவனுக்கு ஐம்பத்து நாலு வயது. கரும்பு ஆலைக்கு ரயில் ஓட்டுகிறான். வெட்டு சீசன் முழுக்க வேலை, மழைக்காலத்தில் ஓய்வு. பர்டெக்கின் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதி ஊரின் பிழைப்பு அப்படித்தான். வேலையில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரயிலை ஒழுங்காக ஓட்டுவான். குறையெல்லாம் அவன் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான்.

சின்ன வயதிலிருந்தே அவன் தோற்றதாகச் சரித்திரம் கிடையாது. கிரிக்கெட்டில் அவுட் ஆனால் பேட் சரியில்லை. பாரமுண்டி மீன் மாட்டாவிட்டால் தூண்டில் விற்றவன் திருடன். கல்யாணம் முறிந்தபோது அவளுடைய தங்கைதான் காரணம். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், என் தம்பிக்கு ஊரில் எந்தக் கூடமும் நேராக இருந்ததில்லை. எங்கள் அம்மா சாகும்வரை அவன் பக்கம்தான் பேசினாள். தன் வீட்டையும் அவனுக்கே எழுதி வைத்தாள். அவன் அதை இப்படி வைத்திருக்கிறான்.

பெரிய எஞ்சின் வண்டிப் பைத்தியம் தீர்ந்து, மீன் பைத்தியம் தீர்ந்து, கடைசியாகக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது. அதிலும் விளையாடுவது, படம் பார்ப்பது எல்லாம் கிடையாது. வேகம் கூட்டுவதுதான். கம்பெனிக்காரன் ஒரு பிராசசரை, கம்ப்யூட்டருக்கு மூளையான அந்தச் சிப்பை, இவ்வளவு வேகத்தில் ஓடும் என்று விற்கிறான். இவனைப் போன்றவர்கள் மின்சாரத்தைக் கூட்டி, அதைவிட வேகமாக ஓட்டுகிறார்கள். அதற்குப் பெயர் ஓவர்கிளாக். ஓட்டி என்ன ஆகப் போகிறது என்று ஒரு நாள் கேட்டேன். திரையின் மூலையில், வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லும் ஓர் எண்ணைக் காட்டினான். அந்த எண் ஏற வேண்டும். ஏறினால் அதைப் படம் பிடித்து, முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு இணையத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கலை. இவர்களுக்குள் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. ஒரே அச்சில் வார்த்த சிப்புகளிலும் ஒன்று தங்கமாம், ஒன்று தகரமாம். எது யார் கைக்கு வரும் என்பது தலையெழுத்தாம். தனக்கு எப்போதும் தகரமே வருகிறது என்பது லான்ஸின் வாழ்நாள் புலம்பல்.

டெஸ்மண்டிடம் ஒரு தங்கம் இருந்தது.

டெஸ்மண்ட் பள்ளிக்கூடத்து மைதானத்தைப் பராமரிக்கும் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபின் தன் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஊர்க் கிழங்களின் கம்ப்யூட்டர்களைச் சரி பார்த்துக் கொடுப்பார். கூலியாக மாம்பழம், நண்டு, ஒரு வேளைச் சாப்பாடு, எது கொடுத்தாலும் சரி. தனியாள். பேச்சு குறைவு. யாராவது குரலை உயர்த்தினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வராந்தாவும், வெள்ளிக்கிழமை, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பும்தான் அவருக்கு உலகம். கிளப்பில் பார் பார்த்துக்கொள்கிறவள் நான், அதனால் எனக்குத் தெரியும்.

அவருடைய சிப் ஐந்து கிகாஹெர்ட்ஸில் அலுங்காமல் ஓடும் என்று கேள்விப்பட்டு, லான்ஸ் போய் நச்சரித்து விலைக்குக் கேட்டான். அவர் விற்பதற்கு முன் தன் வராந்தாவிலேயே அதை ஓட்டிக் காட்டினார். ஐந்து. ஒரு பானை டீ தீரும் வரை ஐந்துதான். என் தம்பி அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் வாங்கி வந்தான்.

வீட்டில் மாட்டினான். ஐந்தில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மூன்றரைக்கு விழுந்தது. பிறகு ஏறும், விழும். இவன் வோல்டேஜைக் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டான். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினான், மெமரியை மாற்றினான். பார்சல்காரன் வாரம் தவறாமல் வாசலில் நின்றான். எண் மட்டும் ஐந்தில் நிற்கவில்லை. சிப் சூடாகிறதோ என்றால் அதுவும் இல்லை, திரையில் சிப்பின் சூடு மிதமாகத்தான் காட்டியது. தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கூலர் ஒன்றை, கலர் கலராக விளக்கு எரிகிறது என்பதற்காக ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தான். சிப் சூடாகவில்லை, ஆனாலும் வேகம் விழுகிறது. அப்படியானால் சிப்பே தகரம். அப்படியானால் டெஸ்மண்ட் வராந்தாவில் காட்டிய எண் கண்கட்டு வித்தை. இவ்வளவுதான் என் தம்பியின் தர்க்கம்.

டெஸ்மண்டுக்கு விஷயம் போனதும், தானே வந்து பார்க்கிறேன் என்றார். பொய்யன் கை என் மிஷின் மேல் படக்கூடாது என்று லான்ஸ் சொல்லியனுப்பினான். சரி, சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள் என்றார் அவர். அதற்கும் இவன் ஒத்துக்கொள்ளவில்லை. இது பணப் பிரச்சினை இல்லையாம், நியாயப் பிரச்சினையாம். எனக்குத் தெரியாதா இவனை. பணத்தை வாங்கிவிட்டால் அப்புறம் யாரைத் திட்டுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை கிளப்பில் எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தான். சிப்பில் ஆரம்பித்தது எங்கெங்கோ போனது. டெஸ்மண்ட் வராந்தாவுக்கு வரும் மிஷின்களில் நல்ல பாகத்தை உருவிவிட்டு மட்டமானதை வைக்கிறாராம். இவன் சொன்னானா, கேட்டவர்கள் சேர்த்தார்களா, தெரியாது. பொய்க்குக் கால் முளைக்க ஊரில் ஆள் பஞ்சமில்லை. டெஸ்மண்ட் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாக்கு ஒட்டிக்கொண்டது. அதையே குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய முறை வந்தது. எங்கள் கிளப்பில் மேசைக்கு மேசை அதுதான் வழக்கம், ஒவ்வொருவராக முறை வைத்து மொத்த மேசைக்கும் பீர் வாங்க வேண்டும். முறை தவறுகிறவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அவர் என்னிடம் வந்து பீர் சொன்னார். ஊற்றிக் கொடுத்தேன். தட்டோடு கொண்டு போய் வைத்தார். கிளப்பின் தலைவர் மெர்வ், தன் முன்னால் வந்த கிளாஸை விரல் நுனியால் தள்ளி வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள். நுரை அடங்கும் வரை டெஸ்மண்ட் நின்றுகொண்டே இருந்தார். பிறகு அதே தட்டில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தார்.

"கொட்டிடும்மா, நோரீன்" என்றார்.

நாற்பது வருஷம் ஒன்றாக உட்கார்ந்து குடித்தவர்கள். அந்த பீரைத் தொட்டியில் கிளாஸ் இடிபட இடிபடக் கவிழ்த்தேன். கோபத்தில்தான். அன்றைக்கே லான்ஸைப் பிடித்து, நீதானே உன் கண்ணால் பார்த்தாய் என்று கேட்டேன். உனக்கு இதெல்லாம் புரியாது, நீ பார் துடைக்கிற வேலையைப் பார் என்றான்.

அதற்குப் பிறகு டெஸ்மண்டின் வராந்தா காலியானது. சரி செய்யக் கொடுத்திருந்தவர்களும் பாதியில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி அவர் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, பாகங்களைத் தன் பேரனுக்குப் போனில் படம் எடுத்து அனுப்பிச் சரி பார்த்தாள். ஆனாலும் மனுஷர் கிளப்புக்கு வருவதை நிறுத்தவில்லை. வராவிட்டால் பொய்யை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். மூலையில் தனி மேசை. ஒரே ஒரு பீர். அவர் பெயரை யாராவது திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அவர் காத்திருந்தார். அதைக் கொடுக்கக்கூடியவன் ஊரில் ஒருவன்தான். அவன் என் தம்பி.

மாதங்கள் போயின. கரும்புக்கு நெருப்பு வைக்கும் காலம், ஊரெல்லாம் கருப்புச் சாம்பல் பறந்தது. காய்கிற துணியிலும் சாம்பல், தலையிலும் சாம்பல். லான்ஸ் மட்டும் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை மூடியதே இல்லை, சிகரெட் புகை வெளியே போக வேண்டுமாம். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவனுடைய கண்ணாடிப் பெட்டிக் கம்ப்யூட்டர் வானவில் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடியைச் சட்டைத் துணியால் துடைப்பான். உள்ளே ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இந்த ஓவர்கிளாக் கூட்டமே அப்படித்தான், எல்லா வைத்தியத்தையும் திரையில் எண்ணை மாற்றியே செய்வார்கள். கையில் அழுக்குப் பட்டால் கௌரவக் குறைச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரும்போது உன் நின்று சுற்றும் ஃபேனைக் கொண்டு வா என்று போன் செய்தான். இணையத்தில் எவனோ புத்தியுள்ளவன் சொல்லியிருக்கிறான், பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு சிப் மாட்டியிருக்கும் மதர்போர்டு மேல் ஃபேன் காற்றைப் படவை, வேகம் விழாமல் ஐந்திலேயே நின்றால் கோளாறு சிப்பில் இல்லை, போர்டில் இருக்கிறது என்று. சிப்புக்கு மின்சாரத்தை அளந்து ஊட்டும் பாகங்கள் அதற்குப் பக்கத்திலேயே போர்டில் இருக்கின்றனவாம். அவை கொதித்தால், எரிந்துபோகாமல் இருக்கச் சிப்பின் வேகத்தைப் போர்டே இழுத்துப் பிடித்துவிடுமாம். சிப் பாட்டுக்குக் குளுகுளுவென்று இருக்கும். டெஸ்மண்ட் வீட்டில் சிப்பின் தலைமேல் பெரிய காற்றாடி இருந்தது, அந்தக் காற்று சுற்றியுள்ள பாகங்களுக்கும் கிடைத்தது. இவனுடைய கலர் விளக்குத் தண்ணீர்க் கூலர் சிப்பை மட்டும் தாலாட்டியது. பக்கத்தில் இருப்பவை வெந்து சாகலாம்.

கதவைக் கழற்றினான். நான் ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். அவ்வளவுதான், கருப்பாக ஒரு மேகம் கிளம்பி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. என் வாய்க்குள் போனதை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு. கரும்புச் சாம்பல், கரப்பான் கால்கள், காய்ந்த பல்லிப் புழுக்கை. போர்டின் மேல் மூலையில் ஒரு கருப்பு மூடி. அதை லான்ஸ் கழற்றியபோது, அதன் கீழே மெத்தை மாதிரி ஒன்று ஒட்டிக் கிடந்தது. சாம்பலும் சிகரெட் பிசுக்கும் சேர்ந்து இறுகிப்போன மெத்தை. அதில் உடைந்த பல்லி முட்டை ஓடுகள். நடுவில் ஒரு பல்லி, வாலைச் சுருட்டி, வற்றலாகக் காய்ந்து, வாயைத் திறந்தபடி. அதன் அடியில்தான் அந்த மின்சாரப் பாகங்கள் மூச்சு முட்டிக் கிடந்தன. நான் ஓடிப்போய்ப் படிக்கட்டில் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அவன் ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷால் அதைச் சுரண்டி, தரையிலேயே தள்ளிவிட்டு, மிஷினைப் போட்டிருந்தான். ஐந்து. அசையாமல் ஐந்து. ஃபேனை நிறுத்தி, ஒரு சின்னக் காற்றாடியை உள்ளே மாட்டிவிட்டுப் போட்டான். அப்போதும் ஐந்துதான். பல்லி காலடியில் கிடக்க, அவன் அந்த எண்ணைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்ப டெஸ்மண்ட் பொய் சொல்லலைடா" என்றேன்.

"போர்டு சூடாகும்னு அந்தாளு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"உன் வீட்ல பல்லி முட்டை போடும்னு அவருக்கு ஜோசியமா தெரியும்? வெள்ளிக்கிழமை வா, எல்லார் முன்னாடியும் சொல்லு. சிப்பு நல்லாத்தான் இருந்துது, தப்பு என்னுதுன்னு சொல்லு. ஒரு நிமிஷ வேலை."

"சொல்றேன்க்கா, சொல்றேன். நீ மொதல்ல வாயத் திறக்காத. நானே என் வழில சொல்லிக்கறேன்."

அவன் வழி என்ன என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. மெர்வின் மேசையில் போனை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் இறைச்சித் தட்டைப் பரிசாக வைத்த ராஃபிள் குலுக்கலுக்கு மைக்கில் எண் வாசித்துக்கொண்டிருந்தேன், இருந்தாலும் அவன் குரல் நன்றாகவே கேட்டது.

"செத்த சிப்பு இது. டெஸ்மண்ட் என் தலைல கட்டினது. நானா இருக்கப்போய் அதோட குடுமியப் புடிச்சு இழுத்து அஞ்சுக்குக் கொண்டாந்தேன்."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவன் அந்த மண்ணை எடுத்து அடுத்தவன் முகத்தில் பூசினான். மெர்வ் அவன் முதுகில் தட்டி, நீ கெட்டிக்காரன்தான் என்றார். மூலை மேசையில் டெஸ்மண்டுக்கும் அது கேட்டிருக்கும். அவர் தலையைக் குனிந்து கையிலிருந்த ராஃபிள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லான்ஸின் அறை நாற்றம் கிளப்புக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"சீட்டு நம்பர் அப்புறம் சொல்றேன்" என்றேன். "அந்தச் சிப்புல ஒரு கோளாறும் கிடையாது. லான்ஸோட பெட்டிக்குள்ள பல்லி செத்துக் கிடந்துது. குப்பை அடைச்சு போர்டு கொதிச்சு வேகம் விழுந்துது. அதச் சுரண்டி எடுத்ததும் அஞ்சு வந்துது. நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். டெஸ்மண்ட் சொன்னது முழுக்க நிஜம். பொய் சொன்னது என் தம்பி."

எல்லாரும் லான்ஸைப் பார்த்தார்கள். அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. இப்போதாவது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். டெஸ்மண்டும் அப்படித்தான் நினைத்திருப்பார், தலையை நிமிர்த்தினார்.

"பல்லிகிட்ட வாடகை வாங்கியிருக்கணும்க்கா" என்றான் லான்ஸ். "விட்டுட்டேன்."

மெர்வ்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மேசை முழுக்கச் சிரித்தது. அப்புறம் கிளப்பே சிரித்தது. ஒருவன் பல்லி மாதிரி உச்சுக் கொட்டினான். இன்னொருவன், பல்லிக்கு எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று கேட்டான். எங்கள் ஊரில் எதையும் சிரித்துக் கழுவிவிடலாம், சாவைத் தவிர. ஒரு மனுஷனின் பெயரை மாதக்கணக்கில் சேற்றில் போட்டு மிதித்ததும் அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போனது. தப்பு என்று ஒரு வாய் சொல்லவில்லை. மெர்வ் மூலை மேசையைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"சரி டெஸ்மண்ட், முடிஞ்சு போச்சு, மனசுல வச்சுக்காதப்பா. வா இங்க. இன்னிக்கு உன் ரவுண்டு."

டெஸ்மண்ட் ராஃபிள் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார். மெர்வின் மேசைக்கு எல்லாருக்கும் பீர் சொன்னார், லான்ஸுக்கும் சேர்த்து. நான் ஊற்றினேன். உங்களுக்கு என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்மா" என்றார். காசை வைத்தார். "நீ சொன்னியே, அது போதும்."

தட்டை அவரே கொண்டு போய் மேசையில் வைத்தார். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிளாஸ். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு புல்தரைப் பக்கக் கதவு வழியாக வெளியே போனார். அந்த மேசையில் ஒருவன்கூடக் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவர் கிளப்புக்கு வரவில்லை.

அவர் வாங்கி வைத்த பீரை இந்தத் தடவை யாரும் தள்ளவில்லை. ஆளுக்கொரு கிளாஸைத் தூக்கிக் குடித்தார்கள். முதலில் காலி செய்தவன் லான்ஸ். மேலுதட்டில் நுரையோடு என் பக்கம் திரும்பி, டெஸ்மண்ட் எங்கே, அடுத்த ரவுண்டுக்குள் வந்துவிடுவாரா என்று கேட்டான். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன் இவன் என்று நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.